கவிழ்க்காத கூடை

1

நேற்று ஜூலைப் பதினான்கு. பாரிசுப் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் ஐந்தாம் மாடிச் சன்னலுக்கு நேரெதிரே நகராட்சி மைதானம். பிரெஞ்சுத் தேசிய நாளின் வாணவேடிக்கையைப் பார்ப்பதற்கென்றே இருபத்திரண்டு ஆண்டுகளாக, நாங்கள் ஊருக்குப் போகாதபோதெல்லாம், உறவினர் சிலர் எங்கள் வீட்டில் கூடுவது வழக்கம். இவ்வாண்டு நான் யாரையும் அழைக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே சன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். மனைவி வசந்தா காரணம் கேட்கவில்லை. மகள் லீனா மட்டும், "அப்பாவுக்கு அந்தப் பதக்கத்தின் கோபம் இன்னும் தீரவில்லையா?" என்று தாயிடம் பிரெஞ்சில் கேட்டாள். என்னிடம் கேட்க வேண்டியவற்றைத் தாயிடம் கேட்பதும், தமிழில் கேட்க வேண்டியவற்றைப் பிரெஞ்சில் கேட்பதும் அவளுக்குப் பழகிவிட்டன.

கோபமாக இருந்திருந்தால் இந்நேரம் ஆறியிருக்கும். எனக்கு இருப்பது அருவருப்பு. கைகழுவிய பின்னும் விரலில் நிற்கும் கெட்டுப்போன மீனின் நாற்றம்போல் அது ஓராண்டாக என்னோடு இருக்கிறது.

இணைய ஏலத் தளங்களில் ஏமாறாமல் பொருள் வாங்குவது எவ்வாறு என்று எழுதும்படி புதுச்சேரி நண்பர் இருவர் கேட்டிருந்தனர். வெளிநாட்டில் இருப்பவனுக்கு இவையெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அதை நான் எங்கே கற்றேன் என்பதையும் எழுதினால்தான் நேர்மை.

2

என் மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. எண்பத்தொரு வயது. உழவர்கரையில் மகன் கோபியோடு இருக்கிறார். ஆண்டு முழுவதும் லுங்கியும் கைவைத்த பனியனுமாகத் திரியும் மனிதர், ஜூலைப் பதினான்கு காலையில் மட்டும் வெள்ளைச் சட்டைமேல் கறுப்புக் கோட்டு அணிந்து, இடப்பக்க மார்பில் மூன்று பதக்கங்களைக் குத்திக்கொள்வார். கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் பழைய சொல்தாக்களோடு வரிசையில் நிற்பார். பிரெஞ்சு நாட்டுப் பண் ஒலிக்கும்போது அவர் முகவாய் சற்றே உயரும். அதற்குமேல் அவர் எதையும் காட்டிக்கொள்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறையில் நாங்கள் அங்கிருந்தபோது, புறப்படும் வேளையில் நடுப் பதக்கத்தின் துணிப்பட்டை ஊசியிலிருந்து கழன்றுவிட்டது. தையற்கடை எதுவும் திறந்திராத காலை நேரம். நான் குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. புலவர் பட்டம் வாங்கிய பின்னும் கை வலையை மறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய், அக்கா வீட்டிலிருந்து நீல நைலான் நூல் கொண்டுவந்து, பட்டையின் பின்புறத்தைத் தைத்து முடிச்சுப் போட்டேன். அது என் அப்பாவின் முடிச்சு. நூலை இருமுறை சுற்றி, மூன்றாம் சுற்றைப் பின்பக்கமாக இழுத்து இறுக்குவார். குப்பத்தில் வேறெவரும் அப்படிப் போடுவதில்லை. மாமனார் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "மெதாய் கடல்ல உளுந்தாலும் இது அவுறாது மாப்ள" என்றார். பதக்கத்தை அவர் எப்போதும் அந்தப் பிரெஞ்சுப் பெயரால்தான் சொல்வார்.

ஈராண்டுக்கு முன் அந்த நடுப் பதக்கம் காணாமற் போயிற்று. அவ்வாண்டு அவர் கடற்கரைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றார். வசந்தா தொலைபேசியில் விடாமல் கேட்ட பிறகு, வீட்டுக்கு வெள்ளையடித்த நாள்களில் அது தொலைந்துவிட்டதாகச் சொன்னார். "எட்டுப் பத்துப் பேருதாம்மா மிச்சம் இருக்கோம். நடுவுல ஓட்டைய வச்சிகினு அங்கப் போய் எப்படி நிக்கறது?" என்றார். பேசி முடித்தபின் வசந்தா நெடுநேரம் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த ஆண்டு அப்பா அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

3

முதலில் நேர்வழியில் முயன்றேன். உரிய அலுவலகத்துக்கு எழுதினேன். பதக்கம் வழங்கப்பட்டதற்கான சான்று தருவோம், பதக்கத்தை நீங்களே கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விடை வந்தது. சான்றுக்கு மாமனாரின் பிறப்புப் பதிவின் படி வேண்டும். அது மூன்று திங்களுக்குள் எடுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். எண்பது வயதுக் கிழவர் எப்போது பிறந்தார் என்பது மூன்று திங்களில் மாறிவிடுமா என்று நேரில் போய்க் கேட்டேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண் என் பிரெஞ்சைத் திருத்திவிட்டு, அதே விடையை மறுபடியும் சொன்னாள்.

சான்று வந்து சேர்ந்தது. கடையில் புதுப் பதக்கம் வாங்கிக் காணொளி அழைப்பில் மாமனாருக்குக் காட்டினேன். அது புதுப் பித்தளைக் குத்துவிளக்குபோல் மின்னிற்று. அவர் சற்று நேரம் பார்த்தார். "இது நேத்துப் பொறந்தது. என்து என்னோட வெயில்ல நின்னது" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ஆகவே, அதே காலத்தைச் சேர்ந்த பழைய பதக்கம் ஒன்றைத் தேடி இணைய ஏலத் தளங்களுக்குள் நுழைந்தேன்.

4

அந்த உலகத்தைப் போல் என்னைக் குமட்டச் செய்த இடம் வேறில்லை. நேற்று வார்த்த தகட்டைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துத் 'தாத்தாவின் பெட்டியில் கண்டெடுத்தது' என்று எழுதுகிறார்கள். எத்தனை விற்பனையாளருக்குத்தான் இத்தனை தாத்தாக்கள்! இறந்த வீரர்களின் திருமணப் படங்களும் தாய்க்கு எழுதிய கடிதங்களும் செருப்புக்கும் கைப்பேசி உறைக்கும் நடுவில் கிடக்கின்றன. ஏலம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் எவனோ விலையை ஏற்றுவான். நம் கை நம்மையறியாமல் அதற்கு மேலே போகும். ஏற்றியவன் விற்பவனின் கூட்டாளியாகவே இருக்கலாம் என்பது மறுநாள்தான் உறைக்கும்.

லீனாதான் எனக்கு வழி சொன்னாள். கணக்கும் அவளுடையதே, ஏதோ ஒரு பறவையின் பெயரில் வைத்திருந்தாள். விற்பவரைப் பற்றி முன்பு வாங்கியவர்கள் எழுதியவற்றில் பாராட்டை விட்டுவிட்டுக் குறைகளை மட்டும் படிக்கச் சொன்னாள். பாராட்டெல்லாம் அற்ப விலைப் பொருள்களுக்கு ஒரே மாதத்தில் குவிந்திருந்தால் அவை விலைமதிப்புள்ள ஒன்றை விற்பதற்காகச் சேர்க்கப்பட்டவை என்றாள். எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் கேட்க வேண்டும். நம் உச்ச விலையை முன்பே முடிவு செய்து, அதைத் தாண்டியதும் எழுந்துவிட வேண்டும். எது நடந்தாலும் தளத்துக்கு வெளியே பணம் கொடுக்கக் கூடாது. வெளியே கொடுத்துவிட்டால் முறையிட யாரும் இல்லை. பதினாறு வயதுப் பெண் இவ்வளவையும் எனக்குச் சொல்ல, நான் தலையசைத்தேன்.

இவை எனக்குப் புதியனவும் அல்ல. நான் பிறந்ததே ஏலம் நடக்கும் கரையில். குருசுக்குப்பத்தில் படகு ஒதுங்கியதும் மீன் கூடை மணலுக்கு வரும். என் அக்கா செல்வி பெரிய மார்க்கெட்டில் விற்பதற்காக அங்கேதான் ஏலம் எடுக்கிறாள். கூடையைக் கவிழ்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை. மேலே பளபளவென்று வஞ்சிரம் கிடக்கும். அடியில் நசுங்கியதும் நேற்றையதும் இருக்கலாம். எனவே, முழுக்கூடையையும் மணலில் கொட்டுவார்கள். உடன்பிறந்தவன் படகாக இருந்தாலும் 'கவுத்துக் காட்டு' என்றே அக்கா சொல்வாள். அதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. கவிழ்க்கச் சொல்லாத ஆளைத்தான் கரையில் ஏளனமாகப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்தது இது.

மூன்று மாதத் தேடலுக்குப் பின், தேய்ந்த விளிம்பும் மங்கிய பட்டையுமாக ஒரு பதக்கம் கண்ணில் பட்டது. முன்பக்கப் படம் ஒன்றுதான். விற்பவர் பெயராக ஒரு திரைப்பட நடிகனின் பெயரும் நான்கு எண்களும் இருந்தன. இடம்: புதுச்சேரி. பிரெஞ்சில் எழுதியிருந்த கேள்வியை அழித்துவிட்டுத் தமிழில், "ஐயா, தாங்கள் புதுச்சேரியில் எப்பகுதி?" என்று கேட்டேன். உரோமன் எழுத்தில் கோத்த தமிழில் விடை வந்தது. அந்த எழுத்துமுறையைக் கண்டாலே எனக்கு உடல் கூசும். ஆனால் அன்று கூசவில்லை. உழவர்கரை என்றிருந்தது. என் மாமனாரின் ஊர்.

எங்களுக்கெல்லாம் இருக்கும் நோய் இது. பாரிசுத் தொடர்வண்டியில் தமிழ் கேட்டால் 'எந்த ஊர்?' என்போம், புதுச்சேரி என்றால் 'எந்தத் தெரு?' என்போம், தெருப் பெயர் வந்துவிட்டால் வீட்டுச் சாவியையே கொடுத்துவிடுவோம். உழவர்கரையில் பழைய பதக்கம் ஒன்று விலைக்கு வந்திருப்பதைக் கண்டதும் எழ வேண்டிய ஐயம் எனக்குத் தோன்றவே இல்லை. நம்மூர்ப் பொருள் நம்மூர்க்காரர் கையில் பத்திரமாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

அவர் எழுதினார்: "நம்ம ஊரா சார்? அப்பச் சைட்டு எதுக்கு? அவனுக்கு எதுக்கு கமிஷன் அழுவணும்? நேர்லயே முடிச்சிக்கலாம்."

'பின்பக்கப் படம் அனுப்புக' என்று தட்டச்சு செய்தேன். செய்துவிட்டு அழித்தேன். வெள்ளைக்காரனிடம் கேட்டிருப்பேன். ஊர்க்காரரிடம் அப்படிக் கேட்பது அவரைத் திருடன் என்பதாகாதா என்ற வெட்கம். அவர் குறிப்பிட்ட ஒரு படியெடுக்கும் கடையின் கணக்குக்குப் பணத்தை அனுப்பினேன். ஜூலையில் ஊருக்கு வரும்போது அக்கடையில் பொட்டலத்தைப் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. லீனாவிடம் சொல்லவில்லை.

5

கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில். ஊர் வந்த மறுநாள் போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து அக்காவின் மீன் பலகை கூப்பிடு தூரம். பெருமையோடு அவளிடம் போய்ச் செய்தியைச் சொன்னேன்.

"கவுத்துப் பாத்தியா?" என்றாள் அக்கா, சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே.

வீட்டில் போய்ப் பிரிக்கலாம், நம்மூர்க்காரர் என்றேன்.

"ஆமா, பிரான்சுலருந்து வந்து நம்மூர்க்காரர்னு எனக்குச் சொல்லு. ஏன்டா, நம்மூர்க்காரன் மீனு நாறாதா?"

பக்கத்துப் பலகைப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் பிரித்து, பதக்கத்தைப் பலகையின் ஓரத்தில் குப்புறப் போட்டாள். போட்டவள் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"டேய், இது நம்ம அப்பா முடிச்சுடா."

நீல நைலான் நூல். இரண்டு சுற்று, மூன்றாவது பின்பக்கமாக. என் கை போட்ட முடிச்சு ஐஸ்நீரில் நனைந்துகொண்டிருந்தது.

கடைக்குத் திரும்பிப் போய், பொட்டலத்தைக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். கடைக்காரர் ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "நம்ம கோபிதான் சார். உழவர்கர கோபி. பழைய பொருள்லாம் ஆன்லைன்ல போடுவாரு."

என் மனைவியின் தம்பி.

அவனை வீட்டு வாசலில் கண்டேன். மாமனார் உள்ளே உறங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் குரலை உயர்த்தவில்லை. பதக்கத்தை நீட்டினேன். ஒரு கணம் திகைத்தான். பறவைப் பெயருக்குப் பின்னால் இருந்தது நான்தான் என்பது புரிந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன் மாமா" என்றான்.

அப்பாவின் பதக்கத்தை விற்பதற்கு எப்படிக் கை வந்தது என்று கேட்டேன்.

"வருஷத்துல ஒரு நாளு குத்திகினு நிப்பாரு. மத்த நாளெல்லாம் டிரங்குப் பொட்டில கெடக்குது. கேக்கறவன் இருக்கான், குடுத்தேன்." பிறகு, எனக்கு நன்மை சொல்பவனைப்போல், "படிச்சவரு நீங்க. பின்னால ஒரு போட்டோ கேட்டிருந்தா நான் அன்னிக்கே மாட்டியிருப்பேன். சைட்லயே வாங்கியிருந்தாக் காசயாவது திருப்பி வாங்கியிருப்பீங்க. நம்ம ஊருன்னதும் உளுந்துட்டீங்களே" என்றான்.

பாதுகாப்பாக வாங்குவது குறித்து நான் கேட்ட பாடங்களில் மிகச் சரியானது இதுதான். என் மகள் சொன்னதையே அவன் சொன்னான், ஒரு சொல் குறையாமல். அவன் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

உள்ளே கட்டில் அசையும் ஓசை கேட்டது. கோபி குரலைத் தாழ்த்தினான். "அப்பாகிட்டச் சொல்லாதீங்க மாமா. தாங்க மாட்டாரு."

6

வசந்தாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பதக்கத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தையற்பெட்டியிலிருந்து கத்தரிக்கோலையும் கறுப்பு நூலையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "அப்பா நாளன்னிக்கு அங்க நிக்கணும்" என்றாள்.

நான் முடிச்சை அறுத்தேன். கடலில் விழுந்தாலும் அவிழாது என்று அவர் சொன்ன முடிச்சைக் கத்தரிக்கோல் ஒரே கடியில் அறுத்தது. நூல் சென்ற துளைகள் தெரியாதபடி கறுப்பு நூலால் நெருக்கித் தைத்தேன். பாரிசில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் வாங்கியது என்று சொல்வதாக இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். எனக்குச் சரளமாகவே வந்தது அந்தப் பொய். கடையின் பெயரைக்கூட ஆயத்தமாக வைத்திருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல். மாமனார் நாற்காலியில் இருந்தார். கோபி கதவருகே நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து, முன்பக்கம் தெரியும்படி அவரிடம் நீட்டி, பாரிசுக் கதையைச் சொன்னேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. வாங்கியதும் திருப்பினார். பெருவிரல் பட்டையின் பின்புறத்தில் ஊர்ந்து, தான் தேடிய இடத்தில் நின்றது.

"முடிச்ச எதுக்கு மாப்ள அறுத்த?" என்றார்.

கோபியின் விரல் கண்ணாடிமேல் அசையாமல் நின்றது. மாமனார் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"காணாப் போச்சுன்னு நாந்தான் சொன்னேன். எடுத்தது யாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்." பதக்கத்தை என் கையில் திரும்ப வைத்தார். "நீயும் எனக்கு முன்பக்கத்தக் காட்டறியே மாப்ள."

இணையத்தில் பொய் விற்பவர்களைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் இகழ்ந்து பேசியிருக்கிறேன். அன்று அந்த நாற்காலியின் முன் நின்றபோது என் கையில் இருந்ததும் பின்பக்கம் மறைத்த ஒரு பொருள்தான். அதற்கு நானே இட்டுக்கட்டிய ஒரு வரலாறும் இருந்தது. இரக்கத்தினால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கோபியும் அதையேதான் சொன்னான்: தாங்க மாட்டாரு.

"அதே நூலு கெடைக்குமா பாரு" என்றார் மாமனார்.

குருசுக்குப்பத்துக்குப் போனேன். அக்கா எதுவும் கேட்காமல் நூற்கண்டை எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து, மாமனார் பார்த்துக்கொண்டிருக்க, கறுப்பு நூலைப் பிரித்தெடுத்துவிட்டு, நீல நூலால் மறுபடியும் தைத்தேன். மூன்றாம் சுற்றைத் தவறவிட்டு மறுபடியும் சுற்றினேன். அவர் பொறுத்திருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வரிசையில் நின்றார். ஏழு பேர் இருந்தனர். அவர் முகவாய் உயர்ந்தது. வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, கைப்பேசியை உயர்த்தி, அப்பாவின் மார்பை நெருக்கமாகப் படம்பிடித்துக்கொண்டிருந்தவன் கோபி. அருகில் நின்ற வெளியூர்ப் பயணி ஒருவரிடம், "எங்க அப்பா" என்று அவன் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கைதட்டவில்லை.

7

இன்று காலை கோபியிடமிருந்து ஒரு படம் வந்தது. இவ்வாண்டும் மாமனார் நின்றிருக்கிறார். கறுப்புக் கோட்டு, மூன்று பதக்கங்கள். வசந்தா படத்தைப் பெரிதாக்கி நடுப் பதக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருவரும் ஒன்றையே நினைத்தோம். அதே வடிவில் பளபளப்புக் குறைந்த போலி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. அவை எங்கே கிடைக்கும் என்பதை அறிந்தவன் அந்த வீட்டில் இருக்கிறான்.

நான் கோபிக்கு எழுதினேன்: "நடுப் பதக்கத்தைத் திருப்பிக் காட்டு."

"நம்பிக்கை இல்லையா மாமா?" என்று விடை வந்தது.

"இல்லை. திருப்பிக் காட்டு" என்று எழுதினேன். எழுதுகையில் வெட்கம் வரவில்லை. சென்ற ஆண்டு இதையே முகம் தெரியாத ஓர் ஊர்க்காரருக்கு எழுதக் கூசியவன், இன்று சொந்த மைத்துனனுக்கு எழுதினேன்.

ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை. வசந்தா வேலைக்குப் புறப்படாமல் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். பிறகு இரண்டாவது படம் வந்தது. அதை எடுத்த கை கோபியுடையதன்று என்பது பார்த்ததுமே தெரிந்தது. சாய்ந்தும் கலங்கியும் இருந்தது. லுங்கி மடிமேல் பதக்கம் குப்புறக் கிடந்தது. பட்டைமேல் நீல முடிச்சு, அதை மறைக்காமல் சற்றே விலகி நகம் வெடித்த ஒரு கிழட்டுப் பெருவிரல்.

கவிழ்த்துக் காட்டச் சொன்னதில் மாமனாருக்கு மனத்தாங்கல் இல்லை. நாங்கள் கேட்போம் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார்.